காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்: வன்னியிலிருந்து ஒரு கடலோரக் கோல்ஃப் பயணம்

நெல்லைக் காற்றில் தூற்றியவருக்குக் கடலோரக் கோல்ஃப் பற்றிப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். சுளகைத் தூக்கும் முன் ஒரு பிடி பதரை விட்டு, அது எந்தப் பக்கம் போய் விழுகிறது என்று பார்ப்போம் அல்லவா? திருகோணமலைச் சீனக்குடாத் திடலில் முதல் நாள் என் பக்கத்தில் நின்றவர் நாலு புல்லைக் கிள்ளி அதே மாதிரி விட்டுப் பார்த்தார். அதுவரை இது பணக்காரர் விளையாட்டு, எனக்கும் இதற்கும் என்ன என்று நின்றவன், அந்த நாலு புல்லைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் நெருங்கி நின்றேன்.

பரந்தனில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை. அக்காவும் அத்தானும் டொரொண்டோவில் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அத்தான் லீவில் வந்தபோது ஆளுயரப் பை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உதென்ன தம்பி, ஏதும் வாத்தியமோ?" என்று கேட்டா. அந்தப் பையோடுதான் என்னுடைய கோல்ஃப் தொடங்கியது. இப்போது வருடத்துக்கு ஒருமுறையாவது கடல் பக்கம் போய் ஆடிவிட்டு வருகிறோம். நன்றாக ஆடுகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயணத்தைத் திட்டமிடுவதில் செய்யக்கூடிய பிழை எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைக் கூட்டிப் போக வேண்டியவர்களும், தடியையே தொடாமல் ஆசை மட்டும் உள்ளவர்களும் இதைப் படிக்கலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் சங்கத்துக்கும் கிளப், அடிக்கும் கோலுக்கும் கிளப். குழம்பாமல் இருக்க நான் கோலைத் தடி என்றே எழுதுகிறேன்.

எந்தத் திடல்

இலங்கையில் கோல்ஃப் என்றால் பலருக்கும் நினைவு வருவது 1879இல் தொடங்கிய கொழும்பு றோயல் கிளப்பும் 1889இல் தொடங்கிய நுவரெலியா கிளப்பும்தான். கொழும்புத் திடலுக்குள்ளே களனிவெளி ரயில் பாதை போகிறது, ஆடிக்கொண்டிருக்கும்போதே ரயில் கடக்கும். திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி இன்னொன்று இருக்கிறது. மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் கடல் இல்லை, ஆகவே இந்தக் கட்டுரையில் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடல் வேண்டும் என்றால் எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று திருகோணமலை, சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ். மற்றது அம்பாந்தோட்டையில் சங்ரிலா ஹோட்டலோடு சேர்ந்த திடல். முதலாவது எங்களுக்குப் பக்கம், செலவும் குறைவு. காலையில் வவுனியாவில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் திருகோணமலையில் நிற்கலாம். இரண்டாவது உண்மையான ரிசோர்ட். 2016இல் திறந்தது, ரொட்னி ரைட் என்பவர் வடிவமைத்தது. தென்னந்தோப்புக்குள் ஒரு பகுதி, நீலக்கல் தோண்டிய பழைய குழிகளைத் திருத்தி எடுத்த நிலத்தில் ஒரு பகுதி, கடலோர மணல்மேட்டில் ஒரு பகுதி என்று நிலம் மாறிக்கொண்டே போகும்.

புதியவருக்கு என் யோசனை, முதல் பயணம் திருகோணமலைக்கு. பந்தைப் போட்டு முடிக்க வேண்டிய பதினெட்டுக் குழியும் ஆட வேண்டும் என்று நிற்காதீர்கள், ஒன்பது போதும். இந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று தெரியாமல் அம்பாந்தோட்டைக்குக் காசைக் கொட்டுவது புத்தியில்லை. படை நடத்தும் இடத்துக்குள் கால் வைக்க மனம் ஒப்பாதவர்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அது அவரவர் மனது, நான் வாதாடமாட்டேன். அவர்கள் நேரே தெற்குக்குத் திட்டமிடலாம்.

எந்த மாதம்

எல்லோரும் ஹோட்டலைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். காற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கோல்ஃப் பந்து விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு கோழி முட்டையை விட இலேசு. அதை நூறு, நூற்றைம்பது மீட்டர் தூரத்துக்கு வானத்தில் அனுப்புகிறோம். மரங்கள் சூழ்ந்த மலைநாட்டுத் திடலில் அது பெரும்பாலும் நீங்கள் அடித்த திசையில் போகும். மறைப்பே இல்லாத கடலோரத்தில் நீங்கள் பாதி அடிக்கிறீர்கள், காற்று மீதி அடிக்கிறது.

பளைப் பக்கம் ஏ9 வீதியில் போகும்போது காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சார சபை முதன்முதலில் 1999இல் சோதனைக்கென்று 3 மெகாவாட் காற்றாலை நட்டது எங்கே தெரியுமா? அம்பாந்தோட்டையில். ஆனையிறவில் உப்பு விளைகிறது, அங்கேயும் உப்பளம் இருக்கிறது. உப்பு விளையும் இடத்தில் வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவிருக்காது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நாங்கள் சோளகம் என்கிறோமே, அது அந்தக் கரையில் ஓயாமல் வீசும். அந்த மாதங்களில் புதியவர் அங்கே போனால் பந்து தேடுவதிலேயே பயணம் முடிந்துவிடும். ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. ஆகவே பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் முற்பகுதிதான் தெற்குக்குத் தோதான காலம்.

எங்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் இருக்கின்றன. வயல் உள்ளவர்களுக்குக் காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வரும், அந்த நேரத்தில் அசைய முடியாது. ஆனால் நெல்லை விற்றுக் கையில் காசு வருவதும் அப்போதுதான். அறுவடை முடிந்து, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறதே, அதைப் பிடியுங்கள். வருடப்பிறப்பு விடுமுறையில் கடற்கரை ஹோட்டல்களில் கூட்டமும் கூடும், விலையும் கூடும்.

திருகோணமலைக்கும் மார்ச், ஏப்ரல் நல்லதுதான். மே தொடங்கிக் கச்சான் வீசும்போது கடல் அமைதியாகத் தெரியும், ஆனால் தரைப் பக்கமிருந்து வரும் காற்று அடுப்பு வாயில் நின்ற மாதிரிச் சுடும். அந்தக் காலத்தில் போவதென்றால் அதிகாலையோடு ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் கிழக்குக்குப் போகவே வேண்டாம். வாடைக்காற்றும் மழையும் எங்கள் குளங்களுக்கு நல்லது, கோல்ஃபுக்கு இல்லை.

மாதத்துக்கு அடுத்தது மணி. கடலோரத்தில் காலையில் காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடாகும்போது கடலிலிருந்து காற்று கிளம்பும், பத்து பதினொரு மணிக்கு மேல் அது உரத்துவிடும். ஆகவே முதல் ஆளாக 6.30 அல்லது 7 மணிக்குத் தொடங்கும் நேரத்தைக் கேளுங்கள். பதினெட்டுக் குழி ஆட நாலரை மணித்தியாலம் வரை போகும். காலையில் தொடங்கினால் கஷ்டமான கடைசிக் குழிகளில் மட்டும்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

முதலில் எதைப் பதிவது

ஆட்ட நேரம், பிறகு அறை, பிறகு வாகனம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நான் மாற்றியிருக்கிறேன். ஒருமுறை ஒரு கடற்கரை ஹோட்டலில் சலுகை விலை என்று அறையைப் பதிந்து, காசையும் கட்டிவிட்டேன். திருப்பித் தரமாட்டார்கள் என்ற வகைப் பதிவு. அதற்குப் பிறகுதான் திடலுக்கு ஃபோன் எடுத்தேன். அந்தச் சனிக்கிழமை போட்டி நடக்கிறது, வெளியாட்களுக்கு இடமில்லை என்றார்கள். ஞாயிறு பின்னேரம் மட்டும் தரலாம் என்றார்கள். அத்தான் இரண்டு நாளும் அறை பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, பக்கத்தில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை திடலுக்கு ஃபோன் எடுப்பது. வாரநாளில் போக முடிந்தால் அதுவே மேல், சனி ஞாயிறில் போட்டிகளும் உறுப்பினர்களும் நிறைந்திருப்பார்கள். பேசும்போது இந்த விபரங்களைக் கேட்டுத் தாளில் எழுதி வையுங்கள். ஒருவருக்குத் திடல் கட்டணம் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும்? தடி வாடகை, திடலுக்குள் ஓடும் வண்டியின் வாடகை, தடி தூக்குபவருக்கான கூலி இவற்றைப் பல இடங்களில் வேறு வேறாகக் கணக்குப் பார்ப்பார்கள். இலங்கையில் வசிப்பவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறுபடுகிறதா? கனடாப் பாஸ்போர்ட்டில் வந்த அத்தானுக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால், அடையாள அட்டையைக் காட்டி உள்ளூர் விலை கேட்க முடியுமா? சொல்லும் விலைக்கு மேல் வரி வருமா? வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், ஹோட்டல்களில் சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் போனால் கடைசி நாள் பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்கும். மழை வந்தால் வேறு நாள் தருவார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்: "நாங்கள் புதியவர்கள், ஹென்டிகப் இல்லை, ஆடவிடுவீர்களா?" ஹென்டிகப் என்பது ஆட்டக்காரரின் திறமைக்குக் கொடுக்கும் ஒரு எண். 2020இல் வந்த உலகப் பொது முறைப்படி அது அதிகபட்சம் 54 வரை போகலாம், எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரர். சில திடல்கள் அந்தச் சான்று இல்லாமல் விடாது, சில இடங்களில் காலையில் பயிற்சியாளரோடு ஒரு மணித்தியாலம் பழகச் சொல்லிவிட்டு விடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கேட்டாலும் கொடுங்கள். பயணத்தில் வேறு எதற்குக் கொடுத்த காசும் அவ்வளவு பிரயோசனப்படாது.

வீட்டில் எப்படிச் சொல்வது

கோல்ஃப் விளையாட அம்பாந்தோட்டைக்குப் போகிறோம் என்றால் எந்த வீட்டிலும் சிரிப்பார்கள். கதிர்காமம் போகிறோம், வழியில் ஒரு காலை கோல்ஃப் என்று சொல்லிப் பாருங்கள். அம்மா உடுப்பை அடுக்கத் தொடங்கிவிடுவா. பொய்யும் இல்லை, அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமத்துக்கு வாகனத்தில் ஒரு மணித்தியாலமளவில் போகலாம். செல்வச்சந்நிதியிலிருந்து நடந்தே போகிறவர்கள் இருக்கும்போது எங்களுக்கென்ன. ஆனால் ஆடி மாதத் திருவிழா நாட்களைத் தவிருங்கள், சனமும் கூட, அது சோளகம் வீசும் காலமும் கூட. பிள்ளைகளுக்குப் பறவைகள் பார்க்கப் புந்தலத் தேசியப் பூங்கா இருக்கிறது.

திருகோணமலை என்றால் இன்னும் சுகம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடல் என்று மற்றவர்களை ஒரு காலைக்கு அனுப்பிவிடலாம்.

போவதற்கு முன் ஒரு மாதம்

முதல் முறை தடி பிடிப்பதே திடலில்தான் என்று இருந்துவிடாதீர்கள். பழைய தடி ஒன்று, ஏழாம் எண் இரும்புத் தடியாக இருந்தால் நல்லது, யாரிடமாவது வாங்கி வீட்டு முற்றத்தில் தினமும் இருபது தடவை வீசிப் பழகுங்கள். பந்து வேண்டாம். தும்புத்தடியின் நுனி புல்லில் உரசிப் போகிற மாதிரி, தடியின் தலை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கடையில் சனம் இல்லாத நேரம் நான் பின்பக்கம் போய் இப்படி வீசுவேன். ஒருநாள் சிமெந்து வாங்க வந்த ஐயா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாம்போ தம்பி?" என்று கேட்டார்.

பந்து அடித்துப் பழக அறுவடை முடிந்த வயல் நல்ல இடம். ஆனால் உங்களுடைய வயல், உங்கள் கால் பட்ட வயல், வருடாவருடம் உழுத வயலாக இருக்க வேண்டும். பந்து பற்றைக்குள் போனால் போகட்டும், விட்டுவிடுங்கள். நூறு ரூபாய்ப் பந்துக்காகத் தெரியாத காணிக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை எங்கள் மாவட்டங்களில் இன்னும் முடியவில்லை, மண்டையோட்டுப் பலகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முற்றத்தில் செய்யக்கூடிய இன்னொரு பயிற்சி, உருட்டி அடிப்பது. கோல்ஃப் குழியின் வாய் 108 மில்லிமீட்டர், அரிசிப்பேணி ஒன்றின் வாயளவு. சீமெந்துத் திண்ணையில் பேணியைச் சரித்து வைத்து மூன்றடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிப் பழகுங்கள். புதியவர்கள் பெரிய அடியைப் பழகத்தான் ஆசைப்படுவார்கள், ஆனால் எண்ணிக்கை எகிறுவது இந்தச் சின்ன அடிகளில்தான்.

பையும் உடுப்பும்

விதிப்படி 14 தடி வரை கொண்டுபோகலாம். புதியவருக்கு ஏழு போதும். வாடகைக்கு எடுப்பதென்றால் இடதுகைப் பழக்கம் உள்ளவர்களும் பெண்களும் ஃபோனிலேயே சொல்லிவிட வேண்டும், அங்கே போய்க் கேட்டால் இருக்காது. பந்து மட்டும் தாராளமாகக் கொண்டுபோங்கள். புதுப் பந்து வேண்டாம், பாவித்த பந்து ஒரு ஆளுக்கு ஒரு டசின். இவ்வளவா என்று நினைப்பீர்கள். ஐந்தாவது குழியில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

உடுப்பில் அவர்கள் கண்டிப்பு. கொலர் வைத்த சேர்ட், துணிக் காற்சட்டை, சப்பாத்து. டெனிம் கூடாது, செருப்புக் கூடாது. சறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோல்ஃப் சப்பாத்து வாங்கத் தேவையில்லை, அடி தட்டையான சாதாரண ஓட்டச் சப்பாத்து போதும். தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு துவாய், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். வெயிலில் நாங்கள் பழகியவர்கள்தானே என்று நான் முதல்முறை தண்ணீரைக் குறைத்துக்கொண்டு போய், பன்னிரண்டாவது குழியில் தலை சுற்றி ஒரு தென்னையடியில் இருந்துவிட்டேன். வயலில் நாங்கள் பத்து மணிக்கு வரம்பில் ஏறிவிடுவோம். இங்கே யாரும் ஏறு என்று சொல்லமாட்டார்கள். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் ஒரு போத்தல் பையில் இருக்கட்டும்.

வழி

திருகோணமலைக்கு ஏ9இல் வவுனியா வந்து, அங்கிருந்து ஏ29 வீதியில் ஹொரவப்பொத்தானை போய் ஏ12ஐப் பிடிப்பதுதான் நேர்வழி. முல்லைத்தீவுக்காரரும் நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வந்து இதில் சேரலாம். ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம், ஆகவே பகலில் கடந்துவிடுங்கள். விடிய ஆட்டம் என்று இரவிரவாகப் போகும் வேலை வேண்டாம், முதல் நாளே போய்த் தங்குங்கள். திடல் விமானப்படையின் பொறுப்பில் உள்ளதால் எல்லோர் கையிலும் அடையாள அட்டை இருக்கட்டும்.

அம்பாந்தோட்டைக்கு ஒரு முழுப் பகல் போகும். கொழும்புப் பக்கம் வந்தால் தெற்கு அதிவேகப் பாதை 2020இலிருந்து அம்பாந்தோட்டை வரைக்கும் இருக்கிறது. மகியங்கனை, பிபிலை, மொனராகலை, வெல்லவாய என்று கிழக்குப் பக்கத்தால் போனால் தூரம் குறைவு, வளைவு கூட. வயதானவர்கள் இருந்தால் அதிவேகப் பாதை, இளசுகள் என்றால் மற்றது. ரயிலில் யோசிக்காதீர்கள், தெற்குப் பாதை பெலியத்தையோடு முடிகிறது, கோல்ஃப் பையோடு அங்கிருந்து பஸ் மாறுவது பெரிய கரைச்சல். எப்படிப் போனாலும் போன அன்றே ஆடாதீர்கள். இரண்டு இரவு தங்கி, நடு நாள் காலையில் ஆடுவதுதான் சரி.

திடலில் முதல் காலை

ஆட்ட நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். கட்டணம் கட்டி, தடி வாங்கி, கொஞ்சம் உருட்டிப் பழக நேரம் வேண்டும். எண்ணிக்கை எழுதும் அட்டை ஒன்று தருவார்கள், அதிலேயே குழிகளின் தூரமும் ஒவ்வொன்றையும் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பதும் இருக்கும். அந்த அடிக் கணக்கைத்தான் "பார்" (par) என்பார்கள்.

தடிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கூட வருவார். அவரை ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லை நான் வேண்டுமென்றே தமிழில் எழுதவில்லை. "எங்களோட ஒரு கேடியும் வருவான்" என்று அத்தான் ஃபோனில் சொல்லப்போய், அக்கா பயந்து போய்விட்டா. ஆனால் அந்த ஆளைப் போல உதவி வேறு யாரும் இல்லை. அவருக்குத் திடலின் காற்று தெரியும், எங்கே பள்ளம், எங்கே பந்து உருளும் என்று தெரியும். அவர் சொல்லும் தடியை எடுங்கள். பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள், தூரமும் திசையும் கையாலேயே காட்டிவிடுவார்கள். எங்களோடு வந்தவருக்கு "காற்று" என்ற சொல்லை நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், அவர் எங்களுக்கு "ஹுளங்" சொல்லித் தந்தார். அன்று முழுக்க அந்த இரண்டு சொல்லிலேயே ஆட்டம் ஓடியது.

தொடங்கும் இடத்தில் பல நிறக் குறிகள் இருக்கும். குழிக்கு மிகக் கிட்ட இருக்கும் குறியிலிருந்து அடியுங்கள். ஆண்களுக்கு அது கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர்கள்தான் பின்னால் வருகிறவர்களைக் காக்க வைக்கிறார்கள்.

இனி, திடலில் நட்டிருக்கும் முளைகள். திடலில் வெள்ளை முளை நட்டிருந்தால் அதற்கு அப்பால் எல்லைக்கு வெளியே. மஞ்சள், சிவப்பு முளைகள் இருந்தால் அது குளம், ஓடை மாதிரி அபராதப் பகுதி, ஒரு அடி தண்டனையோடு பந்தை வெளியே எடுத்து வைத்து ஆடலாம். இதை நான் படித்துவிட்டுத்தான் போனேன். இருந்தும் நான்காவது குழியில் பந்தைத் தேடிப் போய், புல்லுக்குள் வரிசையாக நிற்கும் சிவப்பு முளைகளைக் கண்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். அத்தான் பின்னாலிருந்து, "ஏன் நிக்கிறாய்? போய் எடு, உள்ளுக்குப் போகலாம்" என்றார். அவர் 1989இலேயே வெளிநாடு போனவர். எனக்குப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது, பத்தடி தூரம் கூட இல்லை. எடுக்கவில்லை. வேறு பந்தை வைத்து ஆடினேன். இப்போது போய் எடுக்கிறேன், ஆனாலும் முதல் அடி வைக்கும் முன் ஒரு கணம் நிலத்தைப் பார்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து போகிற உங்களுக்கும் அப்படி ஆகலாம், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

காலடியில் உள்ள புல்லையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். வெப்ப நாட்டுத் திடல்களில் பெருமளவு வளர்ப்பது பெர்முடாப் புல் வகைகளைத்தான். எங்கள் அறுகும் அந்த இனம்தான். பிள்ளையாருக்கு வைக்கிற அறுகு. வயலில் அதைப் பிடுங்கி முடியாமல் திட்டுகிறோம், இங்கே அதற்கு ஆள் வைத்துத் தண்ணீர் விட்டு, தாடி வழிக்கிற மாதிரி வெட்டுகிறார்கள்.

இப்போது காற்றில் அடிப்பது. எதிர்க்காற்று என்றால் கை தானாகவே கூடுதல் பலத்தோடு வீசும். அதுதான் பிழை. பலமாக அடிக்கும்போது பந்து பின்னோக்கிக் கூடுதலாகச் சுழல்கிறது, அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்குகிறது, மேலே போன பந்தைக் காற்று பிடித்து உங்கள் முன்னாலேயே போட்டுவிடுகிறது. பட்டம் ஏறுகிற மாதிரி ஏறி, நூல் அறுந்த மாதிரி விழும். ஏழாம் எண் தடியால் அடிக்க வேண்டிய தூரத்துக்கு ஆறையோ ஐந்தையோ எடுத்து (எண் குறைந்த தடி கூடத் தூரம் அனுப்பும்), பந்தைக் கொஞ்சம் வலது காலுக்குக் கிட்ட வைத்து (இடதுகைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள்), தோளளவு மட்டும் தூக்கி மெதுவாக அடியுங்கள். பந்து தாழ்வாகப் போய் விழுந்து உருளும். பக்கக்காற்று என்றால் குழியைப் பார்க்காமல் காற்று வரும் பக்கமாகக் குறி வையுங்கள், காற்றே கொண்டுவந்து சேர்க்கும். காற்றைத் திருத்தப் போனால் தோல்விதான். அத்தான் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "காத்தோட மல்லுக்கட்டாதை, விட்டுப் பிடி."

விதிகள் ஒரு புத்தகம் அளவு உண்டு, புதியவருக்கு நாலு போதும். காணாமல் போன பந்தை 3 நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள், 2019இல் ஐந்து நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். மணற்குழியில் அடித்தால் கால்தடத்தை வாரியால் சமப்படுத்திவிட்டு ஏறுங்கள். பந்து ஆட்கள் நிற்கும் பக்கம் போனால் உரக்கக் கத்துங்கள். "ஃபோர்" என்று கத்த வேண்டும் என்பார்கள், அந்த நேரத்தில் வாயில் "ஐயோ" வந்தாலும் பரவாயில்லை, ஆள் திரும்பிப் பார்த்தால் போதும். நின்ற பந்தை மயிலோ குரங்கோ தட்டிவிட்டால் தண்டனை இல்லை, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆட வேண்டும். அம்பாந்தோட்டையில் மயில்களுக்குக் குறைவில்லை என்பதால் இந்த விதி உதவும்.

எண்ணிக்கையைப் பற்றி: ஒரு குழியில் பாரின் இருமடங்கு அடித்தும் பந்து உள்ளே போகவில்லையா, எடுத்துப் பொக்கெற்றில் போட்டுவிட்டு அடுத்ததற்கு நடங்கள். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். எடுக்காமல் மாய்ந்துகொண்டிருந்தால்தான் நினைப்பார்கள். நாலு பேர் போனால் இன்னொரு முறையும் உண்டு. நால்வரும் அடித்து, எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே எல்லோரும் அடுத்த அடியை அடிப்பது. மருமகன், மருமகள் என்று தடி பிடிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்ள இதைப் போல வழி இல்லை.

இடி முழங்கினால் விளையாட்டை விட்டுவிட்டுக் கட்டிடத்துக்குள் போங்கள். வெட்ட வெளியில் இரும்புத் தடியோடு நிற்பவரும் தென்னைக்குக் கீழே நிற்பவரும் ஒரே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். சித்திரை மாதப் பின்னேரங்களில் இது அடிக்கடி வரும், காலை ஆட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடி முடித்த பிறகு

கூட வந்தவருக்குக் கூலிக்கு மேல் சந்தோஷமாக ஏதும் கொடுப்பது வழக்கம், அதைக் கையில் கொடுங்கள், பில்லில் சேர்க்கச் சொல்லாதீர்கள். அறைக்கு வந்ததும், குளிக்கும் முன், தடிகளை நல்ல தண்ணீரில் கழுவித் துவாயால் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு எப்படி ஆகும் என்று ஹாட்வெயார் கடைக்காரன் நான் சொல்லித்தானா தெரிய வேண்டும். கையுறையை நிழலில் காயப் போடுங்கள். திரும்பி வரும்போது பையை வாகனத்தின் பின்பக்கத்தில் பூட்டி வைத்துவிட்டு நாலு நாள் மறந்துவிடாதீர்கள், எங்கள் வெயிலில் தடியின் தலையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அடுத்த முறை வயலில் வீசியபோது தடி கையில் இருந்தது, தலை பந்தை விடத் தூரம் போனது.